தொடங்கிய நேரம்

வருமா வருமா என்று அவள் காத்திருக்க ஆரம்பித்து அன்றோடு ஒன்பது நாள். வந்துவிடக் கூடாதே என்று ஆறு வருடமாக எதற்குப் பயந்து பயந்து வாழ்ந்தாளோ, அதையேதான் இப்போது வழிமேல் விழி வைத்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை. ஏழாவது மாடி அலுவலகத்தில், மேசைகளுக்கு நடுவே, நீளமான அலுமினியக் கழியோடு நடந்துகொண்டிருந்தாள். கழியின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணத்துக்குள் சோதனைப் புகை அடைத்த டப்பா. கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை வட்டமான புகை டிடெக்டரை அந்தக் கிண்ணத்தால் மூடி அழுத்தினால், புஸ்ஸென்று ஒரு மூச்சுப் புகை உள்ளே போகும். எண்ணி ஐந்தாறு விநாடியில் டிடெக்டரில் சிவப்பு விளக்கு எரியும். தரைத்தளத்தில் தீ அலாரம் பேனல் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி, எந்த டிடெக்டர் கத்துகிறது என்று பார்த்து வாக்கி டாக்கியில் எண்ணைச் சொல்வான். பேனல்காரன் என்றே அவனைக் கம்பெனியில் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுக்கு வைத்த பெயர் அலாரம்.

"ஏழு பதினாலு வந்தாச்சுக்கா."

"பதினஞ்சுக்குப் போறேன்."

"அக்கா, வந்துச்சா?"

"எது?"

"உங்க மணி."

"வரல. வேலையப் பாரு."

"வேணாம்னா வாசல்ல வந்து நிக்குது, வேணும்னா ஆளையே காணோம். எங்க மச்சான் மாதிரியே இருக்கு அது."

அவள் சிரிக்கவில்லை. இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். வெளுத்துத்தான் இருந்தது. அரிப்பு இல்லை. அன்று காலையிலிருந்து இருபதாவது தடவையாகப் பார்த்திருப்பாள்.

டிடெக்டருக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவள் ஏணியை விட்டு இறங்கி, அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்தே விடுவாள். உள்ளே கறுப்பான ஒரு சின்ன அறை. அதில் ஒரு மூலையில் விளக்கு, இன்னொரு மூலையில் ஒரு கண். ஆனால் விளக்கின் வெளிச்சம் நேராகக் கண்ணில் விழாதபடி இரண்டையும் கோணலாக வைத்திருப்பார்கள். அறை சுத்தமாக இருக்கும்வரை கண்ணுக்கு இருட்டுதான். புகை நுழைந்தால், வெளிச்சம் அந்தத் துகள்களில் பட்டுச் சிதறும், சிதறியதில் கொஞ்சம் கண்ணில் விழும், கண் கத்தும். இதில் சங்கடம் என்னவென்றால், கண்ணுக்குப் புகையும் தெரியாது, தூசும் தெரியாது, குளியலறை நீராவியும் தெரியாது. வெளிச்சம் பட்டதா, கத்து. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன் டாக்டரம்மா அவளுடைய நோயை விளக்கியபோது அவள் முதலில் சொன்னது, "எங்க வேலதான் டாக்டர் இது" என்பது. தோலுக்கடியில், குடல் சுவரில், மூச்சுக்குழாயில், ரத்தக்குழாய்களின் ஓரத்தில் என்று எல்லோர் உடம்பிலும் மாஸ்ட் செல்கள் காவல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வயிறு நிறையச் சிறு சிறு பொட்டலங்களை வைத்திருக்கிறது. ஆபத்து என்று பட்டால் பொட்டலங்களை அவிழ்த்துக் கொட்டும். அவளுக்கு அந்தச் செல்கள் அளவுக்கு மேல் இருந்தன. இருந்தவையும் எடுத்ததற்கெல்லாம் கொட்டின. வாசனை சோப்பு, வெந்நீர், தக்காளி, ஒரு வகை வலி மாத்திரை, ஓட்டம், வெயில். சில நாள் எதுவுமே இல்லாமல். உள்ளங்கை அரிக்கும், முகம் நெருப்பாகச் சிவக்கும், வயிறு பிசையும், பிறகு ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கி ஆள் சரிவாள். வீட்டில் அதற்கு 'மணி அடிக்கிறது' என்று பேர்.

மாத்திரைகளாலும், தண்ணீரில் கரைத்து நாளைக்கு நாலு வேளை குடிக்கும் ஒரு தூளாலும் முக்கால் பங்கு மணியை அடக்கியிருந்தார்கள். மிச்சம் கால் பங்குதான் ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு ஓர் ஊசி உண்டு, மாதம் ஒன்று. டாக்டரம்மா தனக்கு இலவச மாதிரியாக வந்த இரண்டு ஊசிகளைப் போட்டுப் பார்த்தார். அந்த இரண்டு மாதமும் அவள் வெயிலில் நடந்தாள், மாடியேறினாள், பிறத்தியார் கல்யாணத்துக்குப் போய்வந்தாள். மாதிரி தீர்ந்தது. ஒரு ஊசியின் விலை அவள் சம்பளத்தில் முக்கால்வாசி.

இன்சூரன்ஸ் கம்பெனி தரும். ஆனால் ஆதாரம் கேட்டது. கேட்ட ஆதாரம் நியாயமானதுதான், அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். செல்கள் கொட்டும் பொட்டலத்தில் டிரிப்டேஸ் என்று ஒரு பொருள் இருக்கிறது. மற்ற சரக்கெல்லாம் சில நிமிடத்தில் மாயமாகிவிடும். டிரிப்டேஸ் மட்டும், தீ அணைந்த பிறகும் சுவரில் கரி நிற்பது போல, சில மணி நேரம் ரத்தத்தில் நிற்கும். மெல்ல ஏறி, ஒன்று இரண்டு மணி நேரத்தில் உச்சிக்குப் போய், பிறகு இறங்கும். சும்மா இருக்கும்போது அவளுக்குப் பதினாலு. அதோடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டு, மேலே ஒரு இரண்டைப் போடு: பதினெட்டு புள்ளி எட்டு. மணி அடித்த நாலு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் அளவு அதற்கு மேல் போயிருந்தால் ஆதாரம். இல்லையென்றால் இல்லை.

ஆதாரம் கேட்ட பிறகு முதல் தடவை மணி அடித்தபோது அவள் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலையாக இருந்தாள். பாதி வேலையில் பேனலை விட்டுவிட்டுப் போக மனசு வராமல், எப்போதும் கையோடு வைத்திருக்கும் அவசர மருந்து ஊசிப் பேனாவைத் தொடையில் குத்திக்கொண்டு படுத்து எழுந்து, எல்லா டிடெக்டரையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறு மணி நேரம் கழிந்திருந்தது. கரி மறைந்துவிட்டது. இரண்டாவது தடவை நேரத்துக்குப் போனாள், அளவும் ஏறியிருந்தது, ஆனால் படிவத்தில் 'தொடங்கிய நேரம்' என்ற கட்டத்தை யாரும் நிரப்பவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பது நாளுக்கு முன் இன்சூரன்ஸ் பெண் ஃபோனில் சொன்னது இது: "உங்க ஃபைல் பதிமூணு நாள்தான் மேடம் திறந்திருக்கும். அதுக்கப்புறம் புதுசாத்தான் போடணும். எலும்பு மஜ்ஜை டெஸ்ட்லேருந்து எல்லாமே மறுபடியும்."

"மணி அடிச்சாத்தானேம்மா ரத்தம் குடுக்க முடியும்? பதிமூணு நாளுக்குள்ள அடிக்கலேன்னா?"

"அடிக்கலேன்னா நல்லதுதானே மேடம்," என்றாள் அந்தப் பெண். கிண்டல் இல்லை, மனசாரத்தான் சொன்னாள்.

இன்னும் நாலு நாள் இருந்தது.

*

வீட்டில் அவளுக்கு மணி அடிக்க வழியே இல்லை. அவள் கணவன் அப்படி வைத்திருந்தான்.

அவன் முன்பு சோப்புக் கம்பெனியில் மேற்பார்வையாளர். சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் வாசனை அவளைச் சாய்க்கிறது என்று தெரிந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு, கடைவீதியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் சாவி வெட்டும் கடை போட்டான். பித்தளைத் தூளுக்கு வாசனை கிடையாது. குளிக்கும் வாளியில் வெப்பமானி மிதந்தது. மாத்திரைப் பெட்டியில் நாளுக்கு நாலு அறை, வாரத்துக்கு இருபத்தெட்டு. தூள் உறைகளை எண்ணிப் பக்கத்தில் அடுக்கியிருப்பான். அவளை 'சாப்பிட்டியா' என்று கேட்க மாட்டான், பெட்டியைப் பார்த்துக்கொள்வான்.

மாடியில் அவன் அக்கா. தையல் மெஷின் சத்தம் விடிந்தது முதல் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்று சாயங்காலம் அவள் கீழே இறங்கிவந்து, கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்த தம்பி மனைவியைப் பார்த்தாள்.

"என்ன, தரையை அளக்கிறியா?"

"உக்காந்தா பொறுக்கல அண்ணி."

"உனக்கு வெயில் ஆகாது, வெந்நீர் ஆகாது, தக்காளி ஆகாது, கோவம் ஆகாது. இப்ப உக்கார்றதும் ஆகாதா? எந்தம்பி ஒருத்தன்தான் உனக்கு ஒத்துக்கறான்."

"அவரும் சில நாள் ஒத்துக்கறதில்ல."

"அது எங்களுக்கே ஒத்துக்காது," என்று சொல்லிவிட்டு நாத்தனார் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனாள். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி யோசித்தாள். ஒரு டிடெக்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தீப்பிடிக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. புகை கொடுத்துப் பார்ப்பார்கள். அவள் பிழைப்பே அதுதானே. டாக்டரம்மா இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர் போல, "நீங்களா எதையும் தூண்டிவிடக் கூடாது. சின்னதாத் தூண்டினா சின்னதா அடிக்கும்னு ஒரு கணக்கு இதுல கிடையாது. உயிர் போயிடும்" என்று சொல்லியிருந்தார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், நாலு நாள் என்பது காதருகே கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

*

மறுநாள் வேலை, ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருந்த ஓர் ஓட்டலில். அடித்தளத்தில் துணி வெளுக்கும் பாய்லர் அறை. மேலே எட்டு மாடி. இடம் அவளாகத் தேர்ந்தெடுத்ததில்லை, முறைப்படி வந்த சர்வீஸ்தான். ஆனால் பட்டியலில் பார்த்ததுமே அவள் தீர்மானித்துவிட்டாள்.

பேனல்காரனிடம் சொன்னாள்: "தம்பி, இன்னைக்கு பேனலோட என்னையும் பாத்துக்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடு. பதில் வரலேன்னா தேடி வந்துடு. ஊசிப் பேனா பையோட வெளிப் பாக்கெட்டுல இருக்கு. நீலத் தொப்பிய எடுத்துட்டு தொடையில குத்தணும், பத்து எண்ணணும். எதுத்தாப்ல ஆஸ்பத்திரி."

"அக்கா, நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு நான் கேக்கல. கேட்டா நான் விட மாட்டேன். அதனால கேக்கல."

"நல்லது."

"எனக்கு ரெண்டு புள்ளைங்கக்கா. போலீஸ் கேசெல்லாம் தாங்காது."

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடு. போதும்."

பாய்லர் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். வியர்வை கழுத்திலிருந்து முதுகெலும்பு வழியாக வழிந்தது. பிறகு படியேறினாள். எட்டு மாடி ஏறி, இறங்கி, மறுபடி ஏறினாள். நாலாவது மாடியில் ஒரு துப்புரவுக்காரம்மா, "லிஃப்ட் ஓடுதேம்மா" என்றாள். "தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். மூன்றாவது தடவை உச்சிக்குப் போய் மூச்சு வாங்கி நின்று, உள்ளங்கையைப் பார்த்தாள். சிவந்திருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்த சிவப்பு. ஒரு நிமிடத்தில் மறைந்தது.

"அக்கா, உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். ஒண்ணும் ஆகல."

"கடவுளே, ரொம்ப நன்றி."

அவள் படியிலேயே உட்கார்ந்தாள். எங்கே தப்பு? எந்தப் பழுதையும் பார்ப்பது போலப் பின்னோக்கிப் போனாள். படி சரி. பாய்லர் சரி. அதற்கு முன்? காலையில் கிளம்பும்போது அவள் வழக்கமான மாத்திரையோடு இரண்டு மாத்திரையும் ஓர் உறைத் தூளும் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் போட்டாள்? பயத்தில்தான் என்றாலும், வெறும் பயமில்லை. டெஸ்ட் ஆரம்பிக்கும் முன் பேனலில் மணியை, லிஃப்டை, தீயணைப்பு நிலையத்துக்குப் போகும் இணைப்பை எல்லாம் துண்டித்துவைப்பது பதினெட்டு வருடக் கைப்பழக்கம். டிடெக்டர் உணரட்டும், ஆனால் ஊர் கூட வேண்டாம் என்பது கணக்கு. மாத்திரை மணியைத்தான் அடக்கும், அதுவரை கணக்கு சரி. ஆனால் அந்தத் தூள் மணியை அடக்குவதில்லை. செல்லையே கட்டிப்போடும், பொட்டலத்தை அவிழ்க்க விடாது. கட்டட வேலை நடக்கும்போது தூசு போகாமலிருக்க டிடெக்டர் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி மாட்டுவார்கள். மூடியைக் கழற்றாமல் புகை அடித்துவிட்டு, டிடெக்டர் செத்துப்போச்சு என்று ரிப்போர்ட் எழுதிய புது ஆட்களை அவள் எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறாள்.

"அக்கா, சிரிக்கிறீங்களா அழறீங்களா? சத்தம் புரியல."

"மூடியக் கழட்டாம அடிச்சுட்டேன் தம்பி."

"எந்த டிடெக்டர்?"

அன்று மத்தியானமும் சாயங்காலமும் குடிக்க வேண்டிய தூளை உறை பிரிக்காமல் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். ராத்திரித் தூளைத் தொட்டியில் கொட்டினாள், மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துப் பிறகு துப்பினாள்.

*

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் கணவன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் ஃபோன் அடித்தது. பேனல்காரன். "அண்ணே, அக்கா நல்லா இருக்காங்களா? நேத்து பாய்லர் ரூம்ல ரொம்ப நேரம் இருந்தாங்க, அதான் மனசு கேக்கல."

அவன் ஃபோனை வைத்தான். மாத்திரைப் பெட்டியைத் திறந்தான். அன்றைய காலை அறை நிறைந்திருந்தது. உறைகளை எண்ணினான். அவள் பையைத் திறந்து பார்த்தான். அங்கே நேற்றைய உறைகள் இரண்டு பிரிக்காமல் கிடந்தன.

"எத்தனை வேளை?"

"நாலு," என்றாள் அவள். மறைக்கத் தோன்றவில்லை.

"நீ வேணும்னுதான் பாய்லர் ரூமுக்குப் போனியா?"

"ஆமா."

"செத்துப் போயிருந்தா?"

"எதுத்தாப்ல ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரி எதுத்தாப்ல இருந்தா சாவு பயந்துக்குமா?" அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னும் ரெண்டு நாள்தாங்க இருக்கு. அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இடுப்புல ஊசி, காசு, ஆறு மாசம். எனக்குத் தெம்பு இல்ல."

"ஊசியே வேணாம். இதுவரைக்கும் சமாளிக்கல?"

"யாரு சமாளிச்சா? நீங்க வேலைய விட்டீங்க. நானா விடச் சொன்னேன்?"

"நீ சொல்லல. நாந்தான் விட்டேன்."

"விட்டுட்டு இப்ப சாவி வெட்டி எப்படி மருந்துக் கடை பாக்கியக் கட்டறீங்க? ஒரு நாளாவது என்கிட்ட சொன்னீங்களா?"

அவன் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்ததைச் சொன்னான். "அக்கா கட்டுது. அஞ்சு மாசமா. மேல ராவும் பகலும் மெஷின் ஓடுதே, எதுக்குன்னு நெனச்ச?"

மாடியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிமிடம்தான் இடது உள்ளங்கையின் நடுவில் ஒரு புள்ளி அரித்தது. எறும்பு ஊர்வது போல முதலில். பிறகு கை முழுக்க. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நாற்பத்தேழு. கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அஞ்சு மாசமா என்னைக் கேலி பண்ணிட்டு, அஞ்சு மாசமா எனக்குப் பணம் கட்டிட்டு இருக்காங்களா? நீயும் பாத்துட்டு இருந்தியா?" கோபத்தில்தான் அவள் அவனை 'நீ' என்பாள்.

"சொன்னா நீ மருந்த நிறுத்திடுவன்னு தெரியும்."

"ஆமா, நிறுத்தியிருப்பேன். உன் அக்கா காலை ஒடிச்சு நான் எழுந்து நடக்கணுமா?"

சண்டை நடந்தது. அவன் சொன்னான், அவள் சொன்னாள். சோப்புக் கம்பெனி வந்தது, அவள் அப்பா வீட்டில் கொடுக்காத கடன் வந்தது, பிறக்காத குழந்தை வரைக்கும் வந்தது. அவள் காது சூடானது. வயிறு முறுக்கியது. முகம் சிவந்ததை அவன் கோபம் என்று நினைத்தான். பிறகு அவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று, சுவரைத் தேடி, கிடைக்காமல் கீழே சரிந்தாள்.

அதன்பின் அவன் கை தானாக வேலை செய்தது. பேனாவின் தொப்பியைக் கழற்றி, தொடையில் அழுத்தி, பத்து எண்ணினான். "அக்கா!" என்று ஒரே ஒரு தடவை கத்தினான். மெஷின் நின்றது. நாத்தனார் கழுத்தில் அளவு நாடாவோடு இறங்கி ஓடிவந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு காலையும் தன் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் தலைக்குப் போக வேண்டும் என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"ஒல்லியா இருக்கியே தவிர, கால் என்ன கனம் கனக்குது," என்றாள். "கண்ண மூடாத. என்னைத் திட்டணும்னாலும் கண்ணத் தொறந்து திட்டு."

*

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சேர்ந்தபோது ஒன்பது இருபத்தைந்து. ஒரு கையில் சலைன் இறங்கியது. டாக்டரம்மாவின் கடிதத்தை அவள் கணவன் நீட்டினான். நர்ஸ் ரத்தம் எடுக்கத் தயாராக வந்தாள்.

"இப்ப வேணாம்," என்றாள் அவள். நாக்கு தடித்திருந்தது. "பத்தேகாலுக்கு எடுங்க."

"வர்றவங்கல்லாம் சீக்கிரம் எடுங்கன்னு உயிர எடுப்பாங்க. நீங்க என்னம்மா நல்ல நேரம் பாக்கறீங்க?"

அவளுக்கு மூச்சு இல்லை. ஆனாலும் விளக்காமல் இருக்க முடியவில்லை. அது ஏறிட்டுதான் இருக்கும், ஒண்ணரை மணி நேரத்துல உச்சிக்குப் போகும், இப்ப எடுத்தா பாதி வழியில பிடிச்ச மாதிரி. துண்டு துண்டாகச் சொன்னாள். நர்ஸ் காதைக் கொடுத்துக் கேட்டாள். "எனக்கு இப்ப எடுக்கச் சொல்லி உத்தரவு. ஒண்ணு பண்றேன். இப்ப ஒரு குழாய் எடுக்கறேன். பத்தேகாலுக்கு இன்னொண்ணு எடுக்கறேன். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். சரியா?"

பிறகு படிவத்தை எடுத்தாள். "தொடங்கிய நேரம்?"

அவள் கணவன் வாயைத் திறந்தான். அவள் கீழே சரிந்ததும் பேனாவைக் குத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்திருந்தான். எட்டு ஐம்பத்தாறு. அதைச் சொல்ல வந்தான்.

"எட்டு நாப்பத்தேழு," என்றாள் அவள்.

நர்ஸ் எழுதினாள். டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். அவன் அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி நின்றான். பிறகு வெளியே தாழ்வாரத்துக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். பத்தேகால் ஆகும்வரை அவன் உட்காரவில்லை.

மறுநாள் முடிவு வந்தது. முதல் குழாயில் பதினேழு புள்ளி ஒன்பது. இரண்டாவதில் இருபத்தாறு புள்ளி நாலு. முதல் குழாயோடு நின்றிருந்தால் ஃபைல் மூடியிருக்கும். கடைசி நாள் மத்தியானம் தாள்கள் போய்ச் சேர்ந்தன. பத்து நாளில் பதில்: ஊசிக்கு அனுமதி, ஆறு மாதத்துக்கு, அதன் பிறகு மறுபரிசீலனை.

நாத்தனாரிடம் அவள் போய் நின்றாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மருந்துக் கடைக்குக் கட்டினத நான் திருப்பித் தந்துடுவேன் அண்ணி."

"தா. அதுக்கு முன்னாடி இந்த ஊசியில நூலக் கோத்துக் குடு. உன் கண்ணுக்கு எதுவும் ஆகலயே," என்றாள் நாத்தனார், நிமிர்ந்து பார்க்காமல்.

*

மாத ஊசி போட்டதும் இரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. மருந்தே மணியை அடித்துவிடக்கூடும் என்பதால். அவளும் கணவனும் ஜன்னலோர நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்," என்றான்.

"கேளுங்க."

"படிவத்துல எட்டு நாப்பத்தேழுன்னு சொன்ன. நான் பேனா குத்தினது எட்டு அம்பத்தாறு. நடுவுல ஒம்போது நிமிஷம். அந்த ஒம்போது நிமிஷமும் எங்கூட சண்டை போட்டுட்டு இருந்த."

அவள் இடது கையை மூடிக்கொண்டாள்.

"நான் கவனிக்கலயேன்னு நெனச்சேன். இத்தனை வருஷம் பாத்தும், மூஞ்சி செவந்தது கோவமா மணியான்னு எனக்குத் தெரியலயேன்னு. ரெண்டு வாரமா அதான் ஓடுது மண்டைக்குள்ள. ஒம்போது நிமிஷம் லேட்டாக் குத்தியிருக்கேன்."

அவளுக்கு இது தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், குழாயை, உச்சியை, கட்டத்தை. இதை யோசிக்கவில்லை.

"நீங்க லேட் இல்ல," என்றாள். "நான் மறைச்சேன். உள்ளங்கை அரிச்சதும் கடிகாரத்தப் பாத்தேன். கைய பின்னாடி கட்டிக்கிட்டேன்."

"சண்டையையும் நீயாத்தான் இழுத்தியா?"

"ஆரம்பிச்சது நீங்க. நிறுத்தாம விட்டது நான். அண்ணி பணம் கட்டறாங்கன்னு சொன்னீங்களே, அப்பத்தான் அரிச்சுது. இது போதும், இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு நெனச்சேன்."

அவன் எழுந்தான். தண்ணீர்க் குழாய்வரை போனான். குடிக்கவில்லை. திரும்பி வந்து, அவளுக்குப் பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தான்.

"கொஞ்ச நேரம் எதுவும் விளக்காத," என்றான்.

அவள் விளக்கவில்லை. வாய்வரை வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வந்து அழுத்தம் பார்த்துவிட்டுப் போனாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி பின்னோக்கி வந்து நின்றது. இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் இருந்தது.

நெடுநேரம் கழித்து அவன் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தான்.

"அரிக்குதா?"

"இல்ல."

"அரிச்சா சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

அவன் அவள் இடது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, உள்ளங்கையைத் தானே பார்த்தான். கையை அவள் மடியில் வைத்தான். பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தான்.